அடைமழைக்கு ஒரு வாரச் சாப்பாடு: குறைந்த செலவில் சேர்த்து வைப்பது எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் சில இடங்களில் ஒரு பால் பாக்கெட் 100 ரூபாய் வரை விற்றது. எட்டு வருடம் கழித்து மிக்ஜாம் புயல் மழையிலும் பாலுக்கும் தண்ணீர் கேனுக்கும் அதே அலைச்சல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் சூழ்ந்த வீடுகளிலும் அரிசி இருந்திருக்கும். நம் வீடுகளில் அரிசி அவ்வளவு சீக்கிரம் தீராது. முதலில் தீருவது குடிதண்ணீர். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, இண்டக்‌ஷன் அடுப்பு எரியாது. அரிசி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது. அதனால் அவசர உணவு இருப்பைப் பற்றிப் பேசும்போது அரிசியை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

அவசர உணவு இருப்பு என்றதும் பலருக்கு ஒரு தனி அறையும், அதில் வரிசையாக அடுக்கிய டின்களும், இருபது வருடம் கெடாத உணவுப் பொட்டலங்களும் கண்முன் வரும். அதெல்லாம் வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். கடை திறக்காமல், கரண்ட் இல்லாமல், வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் வெளியே இறங்காமல் சாப்பிட்டுக் குடித்து இருக்க வேண்டும். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் நாம் தினமும் சாப்பிடுகிற பொருட்கள்தான். அடுத்த வாரம் வாங்கப் போவதை இந்த வாரமே வாங்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை நாளைக்கு? குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஏழு நாள். சென்னை மாதிரி நகரத்தில் பெரும்பாலான தெருக்களுக்கு ஒரு வாரத்துக்குள் கடையும் கரண்ட்டும் திரும்பிவிடும். டெல்டாக்காரர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குத் திட்டம் போடுவது நல்லது.

புயல் வழியில் இல்லை என்று தென் மாவட்டத்துக்காரர்கள் நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வெளியே இருந்து உதவி வந்து சேரும் முன்பே சுற்றுவட்டார ஊர்மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். வீட்டிலும் கோவிலிலும் ஏதோ கொஞ்சம் இருப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

தண்ணீர்தான் முதலில்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேன், ஒரு குடம் என்றால் கணக்கு சரியாகிவிடும். குளிக்க, கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற என்று தனியாக வேண்டும். அதற்கு மேல்தொட்டித் தண்ணீரும் பக்கெட்டுகளும் போதும்.

செலவுக்குப் பயந்து இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. யோசித்துப் பார்த்தால் இதில் செலவே இல்லை. புயல் என்றால் வானிலை ஆய்வு மையம் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிறது. அப்போது நிரப்பிக்கொள்ளப் பாத்திரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடி உள்ள கேன், குடம், கழுவிக் காயவைத்த 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் என்று காலியாக எடுத்து வையுங்கள். பினாயில், எண்ணெய் வந்த கேன்கள் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. முன்னறிவிப்பைவிட வேகமாக வெள்ளம் வருவதும் உண்டு என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு முழு கேனாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழைய கேன் தீர்ந்த பிறகு புதிதுக்குப் போன் செய்கிற வழக்கத்தை மாற்றி, கடைசி கேனைத் திறக்கும் அன்றே சொல்லிவிட்டால் போதும்.

தண்ணீர் தீர்ந்துவிட்டால் மழையே கொட்டிக்கொண்டிருக்கிறது. மொட்டைமாடியிலோ பால்கனியிலோ சுத்தமான வேட்டியைக் கட்டி, அடியில் அண்டாவை வைத்தால் சேரும். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கலங்கிய தண்ணீராக இருந்தால் தெளியவிட்டு, துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கிராமங்களில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசித் தெளியவைப்பார்கள். கலங்கல் நன்றாகவே அடியில் தங்கிவிடும், ஆனால் கிருமி சாகாது. எப்படித் தெளியவைத்தாலும் நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கும்படி ஒரு நிமிடமாவது விட்டுத்தான் குடிக்க வேண்டும். கேஸை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் குளோரின் மாத்திரை இருக்கிறது. அட்டையில் எழுதியிருக்கும் அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கிவிட்டதென்றால் அதில் சாக்கடையும் கலந்திருக்கும். அதைக் கழுவிச் சுத்தம் செய்யும் வரை குடிக்கவும் சமைக்கவும் தொடவே வேண்டாம்.

அடுப்பு

ஒரே சிலிண்டர் உள்ள வீடுகளில் மழைக்காலம் சூதாட்டம்தான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிடுங்கள். காலியான மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், கேஸ் இருக்கும் அடிப்பகுதி ஈரமாகவே நிற்கும். கால்பாகத்துக்குக் கீழே போனால் அக்டோபரில் காத்திருக்காமல் பதிவு செய்துவிட வேண்டும். இரண்டாவது சிலிண்டருக்கு வசதி இல்லாதவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று கைகொடுக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் ரெகுலேட்டரை அடைத்துக் கழற்றிவிட்டு சிலிண்டரை உயரத்தில் தூக்கி வையுங்கள். முடியாவிட்டால் நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். தண்ணீரில் அது மிதக்கும். இன்னொன்று, மழைக்குப் பயந்து கரி அடுப்பையோ விறகையோ சாத்திய அறைக்குள் மூட்டவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

தீப்பெட்டி இரண்டு மூன்றை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வெளியே கிடக்கும் தீப்பெட்டி பதத்துப்போய் எரியாது.

அடுப்பே இல்லாத மூன்று நாள்

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, எல்லோரும் மாடியிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறீர்கள், சமைக்க வழியில்லை. இந்த மூன்று நாளுக்கான பொருட்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடக்கூடிய அவல் மாதிரி ஒரு பொருள் எல்லா ஊர்க்காரர்களுக்கும் வாய்க்கவில்லை.

மெல்லிய அவல் சில நிமிடத்தில் ஊறிவிடும். கெட்டி அவலுக்கு அரை மணி நேரம் வேண்டும். வெல்லம் போட்டால் இனிப்பு, உப்பும் ஊறுகாயும் போட்டால் காரம். புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளி அவல், அடுப்பே தேவையில்லை. இரண்டு கிலோ அவலை ஆள்கணக்கு பார்த்துப் பிரித்தால் நான்கு பேர் மூன்று நாள் தாங்கலாம், அதோடு கொஞ்சம் துணை இருந்தால்.

அந்தத் துணை பொட்டுக்கடலையும் நிலக்கடலையும். வயிறு நிறைவதற்கு அவல், பசி தாங்குவதற்குக் கடலை. பொட்டுக்கடலையை முன்கூட்டியே உப்பு, மிளகாய், பூண்டு சேர்த்துப் பொடித்து வைத்தால் சட்னிக்குப் பதிலாகும். மிக்ஸி ஓடாத நாட்களில் பொடிகள்தான் தெய்வம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி எதுவானாலும் சரி, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அரைத்துவிட்டால் டிசம்பர் வரை வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவு இருக்கட்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் வெல்லத்தோடு உருண்டை பிடித்துக் கொடுத்துவிடலாம். கடலை மிட்டாய், பேரீச்சை, ரஸ்க், பொரி எல்லாம் அவரவர் விருப்பம். பிஸ்கட்டையே நம்பியிருக்காதீர்கள். இரண்டாம் நாளே குழந்தைகளுக்குத் திகட்டிவிடும், மைதாவும் சர்க்கரையுமாக வயிறும் மந்தமாகிவிடும்.

பாலுக்கு மாற்று பால்பவுடர். சின்னப் பாக்கெட்டுகளாக வாங்குவது நல்லது, பெரிய பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் ஈரக்காற்றில் கட்டி தட்டிவிடும். காப்பி, டீ பழக்கம் உள்ளவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மற்றதெல்லாம் இருந்தும் டீத்தூள் இல்லாமல் ஒரு வீடே சிடுசிடுத்துக்கொண்டிருக்கும்.

அடுப்பு உள்ள மீதி நாட்கள்

கரண்ட் இல்லை, ஆனால் கேஸ் இருக்கிறது. இங்கே அரிசியும் பருப்பும் வருகின்றன. கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். அதிக உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி, பெண்ணுக்குச் சுமார் 1,650 கலோரி என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இரண்டு பெரியவர்கள், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் மொத்தம் 7,000 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு 49,000.

அரிசி 6 கிலோ வைத்தால் அதில் சுமார் 21,000 கலோரி இருக்கிறது. பருப்பு 2 கிலோவில் 6,600. ஒரு லிட்டர் எண்ணெயில் மட்டும் 8,000. எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவல் 2 கிலோ 7,000, நிலக்கடலை ஒரு கிலோ 5,000-க்குக் கொஞ்சம் மேல், வெல்லம் ஒரு கிலோ 3,700, பொட்டுக்கடலை அரை கிலோ 1,800. எல்லாம் கூட்டினால் 53,000-ஐத் தாண்டுகிறது. நான்கு பேர் ஒரு வாரம் பட்டினி இல்லாமல் இருக்க இதுவே போதும். சமையலறையில் ஒரு மூலைகூட இதற்கு வேண்டாம், இரண்டு தகர டப்பா போதும். ருசி வேறு விஷயம். அதற்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, புளி, காய்ந்த மிளகாய், அப்பளம், வற்றல், அசைவக்காரர்களுக்குக் கருவாடு. கோடையில் மொட்டைமாடியில் காயவைக்கும் சுண்டை வற்றலும் கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் மழைக்காலத்துக்கானவைதானே.

தண்ணீரும் கேஸும் குறைவாக இழுக்கிற சமையலாகத் தேர்ந்தெடுங்கள். வடித்த சோறு, சாம்பார், பொரியல் என்று மூன்று பாத்திரம் வைக்கிற நேரம் இதுவல்ல. குக்கரில் ஒரே பாத்திரமாக வைக்கிற வெண்பொங்கலோ, கோயமுத்தூர்க்காரர்களின் அரிசிம்பருப்புச் சாதமோ போதும். அரிசி பருப்பை அரை மணி ஊறவைத்தால் ஒன்றிரண்டு விசிலிலேயே அடுப்பை அணைத்துவிடலாம், மீதி அந்த ஆவியிலேயே வெந்துவிடும். வடிக்காத சோறானால் கஞ்சித்தண்ணீரும் வீணாகாது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். மிஞ்சினால் வைக்க ஃபிரிட்ஜ் ஓடாது. சோறு மிஞ்சிவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி வைத்தால் காலையில் பழையதாவது ஆகும்.

காசுக்கு என்ன செய்வது?

மேலே சொன்ன பட்டியலை மொத்தமாகக் கடையில் வாங்கினால் 1,100-லிருந்து 1,200 ரூபாய் வரை ஆகலாம். விலை ஊருக்கு ஊர் மாறும். ரேஷன் அட்டை இருந்தால் செலவு பாதியாகிவிடும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். ரேஷன் அரிசியை வேண்டாமென்று விட்டுவிடுகிற வீடுகளில்கூட ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் வாங்கி இருப்புக்கு ஒதுக்கலாம். பாமாயில் பிடிக்காதவர்கள் உண்டு. ஒரு வாரத்துக்கு அது ஒன்றும் செய்துவிடாது.

மீதியை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழை வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். வாரம் 60, 70 ரூபாய் ஒதுக்கினாலே போதும். ஒரு வாரம் அவல், அடுத்த வாரம் நிலக்கடலை, அதற்கடுத்த வாரம் பால்பவுடர் பாக்கெட் இரண்டு. வாங்கும் வரிசை முக்கியம்: சமைக்காமல் சாப்பிடுபவை முதலில், சமைப்பவை பிறகு, ருசிக்கானவை கடைசியில். நடுவில் பணம் தட்டுப்பாடாகி நின்றுபோனாலும் அதுவரை சேர்த்தது தனியாக நின்று பயன்பட வேண்டும்.

தினக்கூலியை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இந்த இருப்பின் அர்த்தமே வேறு. புயல் எச்சரிக்கை வந்தால் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது, கட்டட வேலை நிற்கும், தள்ளுவண்டி ஓடாது. வெள்ளம் வீட்டை எட்டாமலேயே ஒரு வார வருமானம் போய்விடும். அந்த வாரத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் அடுப்பெரிக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருவதால், வருமானம் இல்லாத நாட்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது மீனவக் குடும்பங்களுக்குப் பழகிய ஒன்று.

தள்ளுபடி விலையில் கிடைக்கிறதென்று யாரும் சாப்பிடாத பொருளை வாங்காதீர்கள். ஓட்ஸ் பிடிக்காத வீட்டில் மலிவாகக் கிடைத்த ஓட்ஸ் வண்டுக்குத்தான் தீனி. அப்புறம், கொஞ்சம் ரொக்கம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புயலில் கரண்ட்டும் நெட்வொர்க்கும் போனதும் கார்டும் பயன்படவில்லை, கையில் நோட்டும் இல்லை. இப்போது எல்லாமே போனில் கொடுக்கிறோம், போன் அணைந்தால் அதே கதிதான். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஒரு 500 ரூபாயை அவல் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

வண்டும் ஈரமும்

சேர்ப்பதைவிடக் காப்பது கஷ்டம். நம் வெக்கையும் ஈரமும் வண்டுக்கு ரொம்பப் பிடிக்கும். ரேஷன் அரிசியை வாங்கியதும் முறத்தில் புடைத்து, நிழலில் பரப்பிக் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி உடையும். காய்ந்த வேப்பிலை, நாலைந்து காய்ந்த மிளகாய், ஒரு துண்டு வசம்பு இதில் எதையாவது மெல்லிய துணியில் முடிந்து உள்ளே போடுவது வழக்கம். ஓரளவு உதவும். ஆனால் இறுக்கமான மூடிக்கு இவை எதுவும் ஈடாகாது.

ரவை, சேமியாவை வறுத்து ஆறவைத்து வையுங்கள். பாசிப்பருப்பையும் வாசனை வரும் அளவுக்கு வறுத்துவிட்டால் பூச்சி அண்டாது, வேகவும் சீக்கிரம் வேகும். ஃபிரீசரில் இடம் இருந்தால் மாவுப் பாக்கெட்டை அப்படியே நாலு நாள் போட்டு எடுங்கள், உள்ளே இருக்கும் வண்டு முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாக்கெட்டின் மேல் பூக்கும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு டப்பாவில் போட வேண்டும்.

சத்து அதிகம் என்று கைக்குத்தல் அரிசியையும் கம்பு மாவையும் இருப்பில் வைக்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் கைக்குத்தல் அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவும் அப்படித்தான், அரைத்த சில வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். கம்பை முழுத் தானியமாக வைத்தால் நெடுநாள் இருக்கும், ஆனால் கரண்ட் இல்லாத நாளில் எங்கே அரைப்பது? அவசர இருப்புக்குச் சாதாரணப் புழுங்கலரிசியே போதும்.

நிலக்கடலையில் ஒரு எச்சரிக்கை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது எதையும் மிச்சம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். தோலோடு இருக்கும் கடலை உடைத்த பருப்பைவிட நன்றாகத் தாங்கும். வெல்லம் மழைக்காலத்தில் கசியும். கண்ணாடிப் பாட்டிலிலோ இறுக்கமான டப்பாவிலோ வைத்தால் கசிவு குறையும். புளியை ஜாடியில் வையுங்கள், தகர டப்பா வேண்டாம்.

டப்பாக்களை எங்கே வைப்பது என்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கனமாக இருக்கிறதே என்று அரிசியை அடித்தட்டில் வைப்போம். வெள்ளம் முதலில் தொடுவது அதைத்தான். தரைத்தள வீடாக இருந்தால் அக்டோபரில் எல்லாம் மேல் தட்டுக்கோ பரணுக்கோ ஏறிவிட வேண்டும். சமைக்காமல் சாப்பிடும் பொருட்கள் மட்டும் ஒரு பையில் தனியாக, தூக்கிக்கொண்டு ஓடும்படி இருக்கட்டும். ரேஷன் அட்டை, ஆதார் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே பையில் வையுங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

வாங்கிய மாதத்தை மார்க்கரால் டப்பாவின் மேல் எழுதுங்கள். புதிதாக வாங்கியது பின்னால் போகும், பழையது முன்னால் வந்து சமையலுக்குப் போகும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எதுவும் காலாவதியாகாது.

வீட்டில் சிலருக்குத் தனியாக

கைக்குழந்தை தாய்ப்பால் குடித்தால் அதை நிறுத்த வேண்டாம். அம்மாவுக்குத்தான் கூடுதல் தண்ணீரும் சாப்பாடும். புட்டிப்பால் குழந்தையானால் அதற்கான பவுடரும், காய்ச்சிய தண்ணீரும் முதல் உரிமை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு அவலும் வெல்லமும் ஒத்துவராது என்பதால் அவர்கள் பங்குக்குக் கடலையும் பொட்டுக்கடலையும் அதிகம் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஃபிரிட்ஜ் ஓடாத நாளில் என்ன செய்வதென்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளத்துக்குப் பின்னால் வயிற்றுப்போக்கு வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

எச்சரிக்கை வந்த பிறகு

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்ததும் கடைக்கு ஓடுகிற கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டியதில்லை. கேன், குடங்களை நிரப்புங்கள், மேல்தொட்டியை மோட்டார் போட்டு நிரப்புங்கள், போன்களைச் சார்ஜில் போடுங்கள். இருக்கிற மாவில் இட்லி சுட்டுவிடலாம். புளியோதரை கிளறி வைத்தால் மறுநாளும் தாங்கும். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், போனில் மட்டும் வைத்தால் போதாது.

கரண்ட் போனதும் சாப்பிடும் வரிசை மாறும். முதலில் ஃபிரிட்ஜில் இருப்பது. கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதற்குப் பிறகு பால், மீன், கறியை நம்பாதீர்கள். அடுத்தது காய்கறி, பழம், முட்டை. கடைசியில்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று முதல் நாளே அவலைக் கரைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் குழம்பைக் கெடவிட்ட வீடுகள் நிறைய.

வெள்ளத் தண்ணீர் தொட்ட உணவு எதுவானாலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் கிழியாமல் இருந்தாலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் போயிருக்கலாம். அரிசியைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாம் என்று மனசு சொல்லும், வேண்டாம். கசிவோ துருவோ உப்பலோ இல்லாத தகர டின்களை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம்.

மழை இல்லாமல் டிசம்பர் போய்விட்டால் வாங்கியது வீணா? தை பிறந்ததும் இருப்பை வீட்டுச் செலவில் இறக்கிவிடுங்கள். வெல்லமும் பாசிப்பருப்பும் பொங்கலுக்கே தீர்ந்துவிடும், அவல் காலைப் பலகாரமாகும், நிலக்கடலை மாலையில் அவித்துக் கொடுக்க ஆகும். மாசிக்குள் டப்பாக்கள் காலியாகிவிட வேண்டும். அப்போதும் தொடாமல் கிடக்கிற பொருள் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆடியில் அதை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.